பரணில் கிடந்த பதினொரு வருட ஹாக்கி: எங்கள் வீட்டில் நடந்தது

2025 தைப் பொங்கலுக்கு முன்னால் எங்கள் வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்தது. உரிமையாளர் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, அவர்களே குடிவரப் போகிறார்கள், தை பிறந்ததும் சாவி கொடுத்தால் நல்லது என்று மரியாதையாகத்தான் கேட்டார். நாங்கள் பார்த்து வைத்த வீடு மாடியில் இரண்டு அறை. காற்று நன்றாக வரும், ஆனால் பரண் கிடையாது. பழைய வீட்டில் சமையலறையில் ஆரம்பித்து நடை வரைக்கும் நீளமாக ஒரு பரண். அதில் பாதிக்கு மேல் அடைத்துக்கொண்டிருந்தது என் இரண்டு பிள்ளைகளின் ஹாக்கிச் சாமான்கள்தான். மகள் ஆறாம் வகுப்பில் மட்டையைத் தொட்ட 2010ஆம் வருடத்தில் தொடங்கி, மகன் பிளஸ் டூ முடித்த 2021 வரைக்கும் சேர்ந்தவை.

விளையாடுகிற பிள்ளைகள் இருக்கிற எல்லா வீட்டிலும் இந்த மூட்டை உண்டு. தூக்கிப் போட மனசு வராது, வைத்துக்கொள்ள இடம் இருக்காது, யாருக்குக் கொடுப்பது என்றும் தெரியாது. எங்கள் வீட்டில் என்ன செய்தோம், எதில் நான் தப்புப் பண்ணினேன், எந்தப் பொருள் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை முழுசாக எழுதி வைக்கிறேன். இன்னொரு அம்மாவுக்கோ அப்பாவுக்கோ பரணில் ஏணி வைக்கும் முன்னால் கண்ணில் பட்டால் போதும்.

எங்கள் ஊர் கோவில்பட்டி. வெளியூர்க்காரர்களுக்குக் கடலை மிட்டாயும் தீப்பெட்டியும் ஞாபகம் வரும், எங்களுக்கு ஹாக்கியும் சேர்த்துத்தான். லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கான அகில இந்தியப் போட்டி நடக்கிற நாட்களில் கடைத்தெருவில் ஸ்கோர் கேட்காமல் யாரும் காய்கறி வாங்க மாட்டார்கள். 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்காக மாரீஸ்வரனும் கார்த்தியும் ஆடினார்கள். மாரீஸ்வரன் இந்த ஊர்ப் பையன், அரியலூர்க்காரரான கார்த்தி இங்கே விளையாட்டு விடுதியில் தங்கிப் பயிற்சி எடுத்தவர். அப்படிப்பட்ட ஊரில் ஒரு ஜெர்சியைக் குப்பையில் போட யாருக்குக் கை வரும்? எனக்கு வரவில்லை. அதனால்தான் ஒவ்வொரு வருடமும் மடித்து மடித்துப் பரணில் ஏற்றிக்கொண்டே இருந்தேன்.

மார்கழி இரண்டாவது வாரம் எல்லாவற்றையும் இறக்கி முன்னறையில் பழைய சேலை விரித்துப் பரப்பினோம். எண்ணிப் பார்த்தால் ஜெர்சியும் டிசர்ட்டுமாக 46, டிரவுசர் 23, ஸ்டாக்கிங்ஸ் 19 ஜோடி, ஷூ 7 ஜோடி, முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் அடிபடாமல் கட்டுகிற ஷின்கார்டு 5 ஜோடி, மட்டை 6, மெடல் 62, ஷீல்டும் கோப்பையும் சேர்ந்து 19, சான்றிதழ் 84. என் கணவர் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தவர் பாதியில் பேனாவை வைத்துவிட்டு, “இவ்வளவுமா இத்தனை வருஷமா நம்ம தலைக்கு மேல இருந்துச்சு?” என்றார்.

பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று நினைத்ததில் எவ்வளவு கெட்டுப் போயிருந்தது என்பதுதான் முதல் அடி. மகளுக்கு அவள் பத்தாவது படிக்கும்போது வாங்கிய ஒரு ஷூ, நாலைந்து மேட்ச்தான் போட்டிருப்பாள், அதற்குள் கால் வளர்ந்துவிட்டது. புதுசு மாதிரி இருக்கிறதே, தம்பிக்கு ஆகாவிட்டாலும் யாருக்காவது ஆகும் என்று பெட்டியோடு வைத்திருந்தேன். எடுத்து லேசாக வளைத்தேன். அடிப்பாகம் பழைய ரஸ்க் மாதிரி உதிர்ந்து கையெல்லாம் பிசுபிசுத்த தூள். மேல்பாகம் பளபளவென்று அப்படியே இருக்கிறது, கீழே ஒன்றும் இல்லை. பல ஷூக்களின் அடியில் இருக்கிற பாலியூரிதேன் என்ற நுரையைக் காற்றில் இருக்கிற ஈரமே மெல்ல மெல்ல அரித்துவிடும், காலில் போட்டாலும் போடாவிட்டாலும் அது நடக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. ஏழு ஜோடியில் தேறியது இரண்டு. அந்த ஷூவை அந்த வருடமே கொடுத்திருந்தால் ஒரு பிள்ளை முழு சீசன் ஓடியிருக்கும்.

டிரவுசர்களின் இடுப்பு எலாஸ்டிக் இழுத்தால் நறநறவென்று சத்தம் போட்டது, விட்டால் திரும்பவே இல்லை. ஷின்கார்டின் உள்ளே இருக்கிற ஸ்பாஞ்சு மஞ்சளாகிப் பொடிந்திருந்தது. ஆறு மட்டையில் இரண்டு மர மட்டை, ஜலந்தரில் செய்தவை, முசுக்கொட்டை மரம். ஒன்றின் கைப்பிடிச் சுற்றைப் பிரித்ததும் மாவு மாதிரி கொட்டியது, உளுத்துப் போயிருந்தது. ஜெர்சிகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு அந்துருண்டை வைத்துக் கட்டியிருந்தேன். அதுவும் தப்பு. முதுகில் ஒட்டிய ரப்பர் மாதிரியான எண்கள் வெயில் காலத்து ஓட்டுச் சூட்டில் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்தபோது 9இல் பாதி 11இன் மேல் வந்துவிட்டது. அந்துருண்டை வாடை நாலு தடவை துவைத்தும் போகவில்லை. கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு அந்த வாடையோடு துணி கொடுக்கவும் கூடாது, சில குழந்தைகளுக்கு அந்த உருண்டை ரத்தத்தையே பாதிக்கும்.

ஆனால் எல்லா எண்ணும் அப்படிக் கெடவில்லை. 2017க்குப் பிறகு வந்த ஜெர்சிகளில் பெயரும் எண்ணும் துணியோடு துணியாக இருந்தன, நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. ஒட்டு எண் என்பது மேலே ஒட்டிய ஒரு படலம். சப்ளிமேஷன் பிரிண்ட் என்கிறார்களே, அதில் மை சூட்டில் ஆவியாகிப் பாலியஸ்டர் இழைக்குள்ளேயே போய்விடுகிறது. அதனால் பழையதில் எதை வைப்பது எதை விடுவது என்று பார்க்கும்போது முதுகைத் தடவிப் பார்த்தாலே பாதி முடிவு தெரிந்துவிடும். தடித்துத் தட்டுப்பட்டால் இன்னும் கொஞ்ச காலத்தில் உரியும், தட்டுப்படாவிட்டால் துணி இருக்கிற வரைக்கும் இருக்கும்.

நடுவில் போகி வந்தது. எங்கள் தெருவில் இன்னும் விடியற்காலையில் கொளுத்துகிறார்கள். எங்கள் வீட்டிலும், கெட்டுப்போன எட்டு ஜெர்சியைத் தூக்கிப் போட்டால் என்ன என்று ஒரு பேச்சு வந்தது. பக்கத்து வீட்டில் யாரோ ஒரு பழைய டிராக் பேண்ட்டைப் போட்டார்கள். அது துணி மாதிரி எரியவில்லை. சுருண்டு, உருகி, கருப்புச் சொட்டாக வழிந்து தரையில் ஒட்டிக்கொண்டது, புகை மூக்கைக் கிழித்தது. ஜெர்சித் துணியும் தண்ணீர் பாட்டிலும் ஒரே சரக்குதான், இரண்டுமே பாலியஸ்டர் வகை, அதை எரிப்பது பிளாஸ்டிக்கை எரிப்பதுதான். பழையன கழிதல் என்று கொளுத்தின காலத்தில் வீட்டில் இருந்தது பருத்தியும் பாயும் ஓலையும். அந்த எட்டையும் துண்டு துண்டாக வெட்டி, முன்னறையில் சாய்ந்து உட்காரும் திண்டுக்குள் திணித்துவிட்டேன். பாலியஸ்டர் தண்ணீரை உறிஞ்சாது, கைப்பிடித் துணிக்கோ துடைக்கவோ ஆகாது, திணிக்க மட்டும் நன்றாக இருக்கிறது.

இனி நான் செய்த பெரிய தப்பைச் சொல்ல வேண்டும். மகள் சென்னையில் வேலையில் இருக்கிறாள், மகன் அப்போது கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் கடைசி வருடம். இரண்டு பேரும் பொங்கலுக்குத்தான் வருவார்கள். அதற்குள் நானே பிரித்து வைத்துவிடலாம் என்று, எது முக்கியம் எது இல்லை என்று என் கணக்கில் இரண்டு குவியல் போட்டேன். முக்கியமான குவியலில் மகள் தமிழ்நாடு பள்ளி அணிக்காக ஒரே ஒரு தடவை தேசியப் போட்டிக்குப் போனபோது கொடுத்த ஜெர்சி, மகன் மாவட்ட அணிக்கு கேப்டனாக இருந்தபோது போட்டது, பளபளக்கிற பெரிய கோப்பைகள். கழிக்கிற குவியலில் சாயம் போனது, கிழிந்தது, பயிற்சிக்குப் போட்டுத் தேய்ந்தது.

மகள் வந்து இறங்கிய அன்றைக்குச் சாயங்காலமே கழிக்கிற குவியலில்தான் கையை விட்டாள். எடுத்தது ஒரு சிவப்பு ஸ்டாக்கிங்ஸ். ஒற்றைக் கால்தான், ஜோடி எங்கே என்றே தெரியவில்லை. குதிகால் கிழிந்த இடத்தில் கருப்பு நூலில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி அடைத்திருந்தது. என் மாமியார் செய்த வேலை. சிவப்பு நூல் வீட்டில் இல்லை, மறுநாள் காலையில் குறுவட்டப் போட்டி, ராத்திரி கரண்ட் வேறு இல்லை, கைவிளக்கில் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தார்கள். அவர்கள் போய் ஆறு வருடம் ஆகிறது. கரிசல் மண் இன்னும் அந்தப் பின்னலுக்குள் கருப்பாக நிற்கிறது, நூல் எது மண் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. “ஆச்சி தச்சதும்மா” என்று சொல்லிவிட்டு அதைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். தேசியப் போட்டி ஜெர்சியை விரித்துக் கூடப் பார்க்கவில்லை, “அதை யாருக்காவது குடுத்துருவோமா?” என்றாள். கடைசியில் நான்கு ஜெர்சி வைத்துக்கொண்டாள், அந்த ஜெர்சி அதில் நான்காவதாகத்தான் வந்தது, அதுவும் நான் கெஞ்சி.

மகன் தேடியது ஒரு பச்சை டிசர்ட்டை. காலர் வைத்த காட்டன், சாயம் போய்ப் பச்சையா சாம்பலா என்று தெரியாத நிறம். ஏழாவதில் இருந்து பத்தாவது வரைக்கும் விடியற்காலைப் பயிற்சிக்கு அதைத்தான் போட்டான். நான் 2022இல் அதை வெட்டி ஸ்கூட்டர் துடைக்கப் போட்டுவிட்டேன். காட்டன் ஆனதால்தான் வெட்டினேன், நன்றாகத் துடைக்கும். கேட்டதும் “எம்மா, அதையா கிழிச்சே?” என்றவன் அப்புறம் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி ஸ்கூட்டர் டிக்கியைத் திறந்து, ஆயில் கறையோடு மிஞ்சியிருந்த ஒரு கையை மட்டும் எடுத்துச் சோப்புப் போட்டுக் கசக்கிக் கொடியில் காயப் போட்டிருந்தான். காலையில் அதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். நான் பத்து வருடம் காவல் காத்தது என்னுடைய பெருமையை. அவர்கள் காக்க நினைத்தது வேறு எதையோ, அது எது என்று ஒரு தடவை போனில் கேட்டிருந்தால் கூடத் தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு குவியல் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு அவர்களையே பிரிக்கச் சொன்னோம். ஒரு ஏற்பாடு மட்டும் செய்தேன், அது நன்றாக வந்தது. ஒவ்வொரு ஜெர்சியையும் காலை வெயில் ஏறும் முன்னால் மொட்டைமாடியில் விரித்து முன்பக்கம் ஒன்று பின்பக்கம் ஒன்று போட்டோ எடுத்தோம். எடுக்கும்போதே, இது எந்த மேட்ச், யார் கூட ஆடினே, என்ன நடந்துச்சு என்று கேட்டுக் குரலையும் பதிவு செய்தேன். ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். திருநெல்வேலியில் மழையில் ஆடியது, சாப்பாடு வராமல் பேருந்து நிலையத்தில் வடை வாங்கித் தின்றது, பெனால்டி கார்னரைத் தவறவிட்டுவிட்டுக் கழிவறையில் போய் அழுதது. இதில் பாதி எனக்கே தெரியாது. பேசி முடித்த ஜெர்சியைக் கொடுக்க அவர்களுக்குத் தயக்கமே இல்லை. 46இல் மகள் நான்கு, மகன் மூன்று, அவ்வளவுதான் வைத்துக்கொண்டார்கள்.

சான்றிதழ் விஷயம் தனி. இதில் யாரும் அவசரப்படக் கூடாது, ஒன்றைக்கூடத் தூக்கிப் போடக் கூடாது. காகிதம் எவ்வளவு இடத்தை அடைக்கப் போகிறது? 84 சான்றிதழும் இரண்டு ஃபைலுக்குள் அடங்கிவிட்டன. பெரும்பாலானவை குறுவட்ட, வருவாய் மாவட்டப் போட்டிகள், பாரதியார் தினம், குடியரசு தினம் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த பெயர்கள். ஆனால் எது எப்போது தேவைப்படும் என்று சொல்ல முடியாது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு என்று 500 இடங்கள் இருக்கின்றன, மகனுக்கு சீட் கிடைத்தது அதில்தான். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குச் சான்றிதழ் மட்டும் பத்தாது, படிவம் கேட்பார்கள். நாட்டுக்காக ஆடியிருந்தால் படிவம் 1, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியிருந்தால் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையில் என்றால் 3, பள்ளிகளுக்கான தேசியப் போட்டி என்றால் 4. ஒவ்வொன்றிலும் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி உண்டு. போட்டி முடிந்த கையோடு வாங்கி வைத்தால் சுலபம், பல வருடம் கழித்துப் போனால் அந்த அதிகாரி மாறியிருப்பார், பழைய பதிவேட்டைத் தேட வேண்டியிருக்கும்.

நான் மகளுடைய நான்காம் படிவத்தை அழகாக லேமினேஷன் பண்ணி வைத்திருந்தேன். பூச்சி அரிக்காது, தண்ணீர் படாது என்று. அவள் ஒரு வேலைக்கு விண்ணப்பித்தபோது சரிபார்த்த இடத்தில் கேள்வி வந்தது. பிளாஸ்டிக்குக்குள் இருக்கிறதால் முத்திரையும் மையும் அசல்தானா என்று பார்க்க முடியவில்லை, பின்பக்கம் எதுவும் எழுதவும் முடியவில்லை. கடைசியில் படிவம் கொடுத்த இடத்துக்கே போய் உறுதிக் கடிதம் வாங்கி வர வேண்டியதாயிற்று, இரண்டு மாதம் போய்விட்டது. சூட்டில் ஒட்டிய லேமினேஷனைக் காகிதம் கெடாமல் உரிக்க வழியே இல்லை. அசலை அப்படியே ஒளி ஊடுருவும் உறையில் செருகி ஃபைலில் வையுங்கள், ஸ்கேன் எடுத்து போனிலும் மெயிலிலும் போடுங்கள், சுவரில் மாட்ட ஆசையாக இருந்தால் கலர் ஜெராக்ஸை மாட்டுங்கள். இன்னொன்று, பரணில் வைத்திருந்த அட்டைப் பெட்டிக்குள் இராமபாணப் பூச்சி புகுந்து மூன்று சான்றிதழின் ஓரத்தை அரித்திருந்தது. பசையும் காகிதமும்தான் அதற்குச் சாப்பாடு. இப்போது ஃபைல் பீரோவில், நாங்கள் தினமும் கதவைத் திறந்து மூடுகிற தட்டில் இருக்கிறது.

ஜெர்சிகளைக் கொடுக்கப் போனபோதுதான் இன்னொரு விஷயம் புரிந்தது. பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர், என் மகனுக்கும் ஒரு காலத்தில் சொல்லிக் கொடுத்தவர். போன் பண்ணி, “சார், நல்ல ஜெர்சி கொஞ்சம் இருக்கு, கொண்டு வரவா?” என்றேன். அவர் தயங்கினார். “ஒரே கலர்ல எத்தனை இருக்கும்மா?” என்று கேட்டார். மஞ்சளில் இரண்டு, நீலத்தில் இரண்டு, மற்றதெல்லாம் ஒவ்வொன்று. “ஒண்ணொண்ணா வந்தா நான் யாருக்குப் போடுவேன்? ஒருத்தன் போட்டா இன்னொருத்தன் முகம் வாடிப்போகும். சைடு பிரிச்சு ஆடவும் உதவாது” என்றார். ஒரே நிறத்தில் ஏழெட்டு இருந்தால் பயிற்சியில் பிள்ளைகளை இரண்டு பக்கமாகப் பிரிக்க அதைவிட நல்லது ஒன்றும் கிடையாது, அதற்கென்று காசு கொடுத்து வாங்க அவரிடம் பணம் இல்லை.

ஜெர்சி என்றைக்குமே தனியாக வருகிற துணி இல்லையே. பதினாறு பதினெட்டு பேருக்குச் சேர்த்துத் தைத்தது, ஒவ்வொரு வீட்டுப் பரணிலும் ஒன்றாகப் பிரிந்து கிடக்கிறது. மகனுடைய பேட்ச் பிள்ளைகளின் அம்மாக்கள் எண் என்னிடம் இருந்தது, மேட்சுக்கு வேன் பிடிக்கிற காலத்தில் ஆரம்பித்த வாட்ஸ்அப் குழு, வருஷக் கணக்காகப் பொங்கல் வாழ்த்து மட்டும் வருகிற குழு. அதில் மஞ்சள் ஜெர்சியின் போட்டோவைப் போட்டு, “இது யார் வீட்டில் இருக்கிறது?” என்று கேட்டேன். அன்றைக்கு ராத்திரிக்குள் ஒன்பது பேர் பதில் போட்டார்கள். ஒருத்தர் பையன் துபாயில் இருக்கிறான், அவனிடம் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்றார், நான்கு நாள் கழித்துத் தந்தார். இன்னொரு அம்மா, முடியாது, அது அவன் போட்டோ பக்கத்தில் இருக்கிறது என்று எழுதினார். அந்தப் பையன் இப்போது இல்லை. நான் யோசிக்காமல் கேட்டுவிட்டேன், மறுநாள் அவர் வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொண்டிருந்துவிட்டு வந்தேன்.

எல்லாம் சேர்ந்து மஞ்சள் பதினொன்றும் நீலம் எட்டும் தேறின. இரண்டு அணி. முதுகில் பெயர் இருந்தவற்றில் பெயரை மட்டும் பிரித்தெடுத்தோம். ஒட்டுப் பெயரை இஸ்திரிப் பெட்டியை மேலே காகிதம் வைத்து அழுத்திச் சூடு காட்டினால் உரிக்க வரும், துணியில் நேரே வைத்தால் பாலியஸ்டர் பொசுங்கிவிடும். துணியோடு பிரிண்ட் ஆன பெயர் வராது, அதன் மேல் அதே நிறத்தில் ஒரு பட்டை வைத்துத் தைத்தோம். பள்ளிக்கூடத்துப் பெயரோடும் பிள்ளை பெயரோடும் துணி முகம் தெரியாத இடங்களுக்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மட்டைகளில் இரண்டு சின்ன அளவு, 32 அங்குலமும் 34 அங்குலமும். பெரியவர்களுக்கு 36.5 அங்குலம். சின்ன மட்டை கிடைப்பதுதான் சிரமம் என்று சார் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். புதிதாக ஆட வருகிற பத்து வயதுப் பிள்ளைக்குப் பெரிய மட்டையைக் கொடுத்தால் குனியத் தெரியாமலேயே பழகிவிடுமாம். கைப்பிடிக்குப் புதுச் சுற்று மட்டும் நாங்கள் போட்டுக் கொடுத்தோம். டிரவுசரில் எலாஸ்டிக் மாற்றினால் தேறக்கூடியது பதினாலு இருந்தது, ஒரு நாள் உட்கார்ந்து மாற்றினேன்.

மெடல் 62ஐ என்ன செய்வது? பழைய இரும்புக் கடைக்கு ஒரு பை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அண்ணாச்சி ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்தார், சிலது ஒட்டியது, பெரும்பாலானது ஒட்டவில்லை. “பித்தளைன்னு நெனச்சு வந்தீகளா? மேல பூச்சுதான்மா, உள்ள துத்தநாகம் மாதிரி. ரிப்பன் எல்லாம் நீங்களே வெட்டிக் கொண்டாங்க” என்று ரொம்பக் கம்மியாக ஒரு விலை சொன்னார். அவர் மேல் குறை இல்லை. தங்க மெடல் என்று நாம் சொல்கிற எதுவும் முழுத் தங்கம் கிடையாது, ஒலிம்பிக்கிலேயே தங்கப் பதக்கத்தில் இருக்கிற தங்கம் ஆறு கிராம் சுமாருக்குத்தான், மற்றது வெள்ளி. டோக்கியோ ஒலிம்பிக்குக்கு ஜப்பான்காரர்கள் மக்களிடம் பழைய செல்போனும் கம்ப்யூட்டரும் வாங்கி உருக்கி அதில் ஏறக்குறைய 5,000 பதக்கம் செய்தார்கள், 62 லட்சம் செல்போன் சேர்ந்ததாம். அதைப் படித்த ஞாபகத்தில்தான் மெடலை அப்படியே குப்பையில் போட எனக்கு ஒப்பவில்லை.

பிள்ளைகள் ஆளுக்கு மூன்று எடுத்துக்கொண்டார்கள். மிச்சத்தில் பின்பக்கம் ஒட்டிய ஸ்டிக்கரை வெந்நீரில் ஊற வைத்து எடுத்துவிட்டு, தெருவில் பொங்கல் விளையாட்டுப் போட்டி நடத்துகிற மன்றத்துப் பையன்களிடம் கொடுத்தேன். சாக்கு ஓட்டத்துக்கும் ஸ்பூனில் எலுமிச்சம்பழம் வைத்து ஓடுகிறதுக்கும் அவர்கள் வழக்கமாக டம்ளரும் டிபன் பாக்ஸும் கொடுப்பார்கள். இந்தத் தடவை டம்ளரோடு மெடலும் கழுத்தில் விழுந்தது. சின்னப் பிள்ளைகள் இரண்டு நாள் அதைக் கழற்றவே இல்லை. ஷீல்டுகளும் அப்படித்தான், முன்னால் இருக்கிற பெயர்த்தகட்டை மட்டும் மாற்றினால் புதுசு. கோப்பை விற்கிற கடைகளிலேயே தகடு அடித்துத் தருகிறார்கள், புது ஷீல்டு வாங்குவதில் கொஞ்சம்தான் ஆகிறது. 19இல் உடைந்தது ஐந்து, அவற்றின் கல் அடிப்பாகத்தைக் கழற்றிச் செடித்தொட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

மகளுக்குப் போர்வை தைத்த கதையையும் சொல்ல வேண்டும், இதை நிறையப் பேர் ஆசைப்பட்டுச் செய்கிறார்கள், எங்கே சொதப்பும் என்று தெரிந்துகொண்டு இறங்கினால் நல்லது. பத்து ஜெர்சியில் முன்பக்கம் ஒன்று பின்பக்கம் ஒன்று என்று 12 அங்குலச் சதுரம் இருபது வெட்டினோம். ஐந்துக்கு நான்கு, ஏறக்குறைய ஐந்தடி நீளம் நான்கடி அகலம். தையல்கார அக்கா முதல் இரண்டு சதுரத்தை இணைத்ததுமே நிறுத்திவிட்டார். துணி இழுபடுகிறது, ஒரு பக்கம் அலை அலையாகப் போகிறது, தையல் விட்டு விட்டு விழுகிறது. ஜெர்சி நெய்த துணி கிடையாது, பின்னல் துணி. அதற்கு முனை கூர்மையில்லாத ஊசி போட வேண்டும். வெட்டுவதற்கு முன்னாலேயே பின்பக்கம் ஒட்டுக் கேன்வாஸை மிதமான சூட்டில் ஒட்டிவிட வேண்டும், அப்போதுதான் சதுரம் சதுரமாக நிற்கும். அடிப்பக்கத்துக்கு என் மாமனாரின் பழைய எட்டு முழ வேட்டியை இரண்டாக மடித்து வைத்தோம், மெத்தென்று இருக்கிறது. தைக்கக் கூலி 900 ரூபாய் ஆயிற்று. ஆனால் இதைப் போர்த்திக்கொண்டு எங்கள் ஊர்ச் சித்திரையில் யாராலும் தூங்க முடியாது, பாலியஸ்டர் வியர்க்கும். மகள் கட்டிலில் மேல்விரிப்பாகத்தான் போட்டிருக்கிறாள்.

பெயரில்லாத டிசர்ட் பதினாறு மிஞ்சியது. 2023 டிசம்பரில் எங்கள் மாவட்டத்தில் வெள்ளம் வந்தது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அப்போது நானும் ஒரு மூட்டை பழைய துணி அனுப்பினேன். அங்கே போய் உதவிய உறவுக்காரப் பெண் சொன்னாள், அக்கா, கேட்டது பாய், போர்வை, நைட்டி, உள்ளாடை, நாப்கின், வந்து குவிந்தது யாரும் போட முடியாத துணி, அதைப் பிரிக்கவே நான்கு பேர் வேண்டியிருந்தது என்று. அதில் என் மூட்டையும் இருந்திருக்கும். அதனால் இந்தத் தடவை பதினாறையும் துவைத்து, வெயிலில் காய வைத்து, பொத்தான், காலர், அக்குள் எல்லாம் பார்த்து, நான் என் பிள்ளைக்கு இப்போது போட்டு அனுப்புவேனா என்று ஒவ்வொன்றிலும் கேட்டுக்கொண்டேன். பதினொன்று தேறியது, அதை மகள் சென்னையில் கூஞ்ச் அமைப்பின் இடத்தில் கொடுத்தாள். 1999இல் தொடங்கியது, துணியைச் சும்மா தானமாகக் கொடுக்காமல் ஊர்க்காரர்கள் சேர்ந்து செய்கிற பொது வேலைக்கு ஈடாகக் கொடுக்கிறார்கள், குளம் வெட்டுவது, பாதை போடுவது மாதிரி. மிச்சம் ஐந்தும் திண்டுக்குள் போயின.

மிஞ்சியது ஒரே ஒரு ஜெர்சி. அரக்கு நிறம், 14ஆம் எண், உறை பிரிக்காதது. 2020 மார்ச்சில் ஒரு போட்டிக்கு வந்தது, அந்த வாரமே ஊரடங்கு. போட்டி நடக்கவே இல்லை, அடுத்த வருடம் பள்ளிக்கூடமும் முடிந்துவிட்டது. இதை மட்டும் மகன் வைத்துக்கொள்வான் என்று நான் நிச்சயமாக நம்பினேன். பிரித்துப் பார்த்தான், புதுத் துணி வாசம் இன்னும் இருந்தது. “இதுல சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்லம்மா. யாராவது போட்டு ஒரு மேட்ச் ஆடட்டும்” என்றான்.

காணும் பொங்கலுக்கு மறுநாள் காலையில் எல்லாவற்றையும் வண்டியில் வைத்துக்கொண்டு அந்தப் பள்ளிக்கூடத்து மைதானத்துக்குப் போனோம். சார் விசிலை ஊதிப் பிள்ளைகளை மஞ்சள், நீலம் என்று பிரித்தார். எட்டாவது படிக்கிற கோல்கீப்பர் பையன் ஒருத்தன் தனியாக நின்றான், கோல்கீப்பர் வேறு நிறத்தில்தான் இருக்க வேண்டும் என்பதால் அரக்கு அவனுக்குப் போனது. முட்டி வரைக்கும் தொங்கியது. டிரவுசருக்குள் செருகி, கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டு, மகன் அவனைத் திருப்பி முதுகைப் பார்த்தான். அரை மணி நேரம் ஆடினார்கள். அரக்கு ஜெர்சி மூன்று கோலைத் தடுத்தது, நாலு விட்டது, நெஞ்சு முழுக்கச் செம்மண். முடிந்ததும் அந்தப் பையன் நேராக என்னிடம் வந்து, “அத்தை, துவைச்சுத் தரணுமா, இப்படியே தரணுமா?” என்று கேட்டான். என் மகன்தான் பதில் சொன்னான், நான் வண்டியில் பைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தேன்.